ரியல் அனாலிசிஸ் பாடத்தில் தேறுவது எப்படி? முதல் வாரம் முதல் தேர்வு அறை வரை

பிளஸ் டூ கணக்கில் சென்டம் வாங்கியவர்கள்கூட பி.எஸ்சி. கணிதத்தில் முதன்முதலாகத் திணறும் இடம் ரியல் அனாலிசிஸ். தமிழில் மெய்ப் பகுப்பாய்வு; எல்லை, தொடர்ச்சி, வகையீடு, தொகையீடு ஆகியவற்றை வரையறையிலிருந்து தொடங்கி நிறுவும் பாடம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இது இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் வருகிறது. எம்.எஸ்சி. சேர்ந்தால் இன்னும் கனமாகத் திரும்பி வரும். பிள்ளைகள் திணறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. அதுவரை கணக்கு என்றால் கடைசியில் ஒரு விடை வரும். இந்தப் பாடத்தில் விடை கேள்வியிலேயே இருக்கிறது. "இந்தச் சார்பு தொடர்ச்சியானது என நிறுவுக" என்று கேட்கும்போதே அது தொடர்ச்சியானது என்பது தெரிந்துவிடுகிறது. ஏன் என்பதை வரையறையிலிருந்து தொடங்கி, ஓட்டை விழாமல் எழுதிக் காட்ட வேண்டும். அப்படி எழுதுவதுதான் பாடமே.

ஆகவே படிக்கும் முறையும் மாறியாக வேண்டும். நோட்டை நாலு தடவை வாசித்துவிட்டு, புரிந்துவிட்டது என்று மூடி வைப்பது இங்கே செல்லாது. நோட்டை மூடிய பிறகு வெள்ளைத்தாளில் நீங்களாக எழுத முடிகிறதா என்பது ஒன்றுதான் அளவுகோல். கீழே உள்ள படிகள் எல்லாமே அதை நோக்கியவை.

படி 1: செமஸ்டர் தொடங்கும் முன் இரண்டு வாரம்

வரையறைகளில் சிறு தூரங்களைக் குறிக்க வரும் எப்சிலான், டெல்டாவைப் பார்த்துப் பயப்படுகிறவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் அந்தக் கிரேக்க எழுத்துகளில் இல்லை. "எல்லா", "ஏதாவது ஒன்று" என்னும் சொற்களை மறுக்கத் தெரியாததிலும், சமனின்மைகள் கைவராததிலும்தான் இருக்கிறது. விடுமுறையில் இரண்டு வாரம் இவற்றுக்கு ஒதுக்கினால் செமஸ்டர் முழுவதும் பலன் தரும்.

மறுப்பை முதலில் தமிழிலேயே பழகுங்கள். "இந்த ஊரில் ஒவ்வொரு தெருவிலும் எரியாத விளக்கு ஒன்றாவது இருக்கிறது." இதன் மறுப்பு என்ன? "ஒரு தெருவிலும் எரியாத விளக்கு இல்லை" என்று சொல்பவர்கள் நிறைய. அது தவறு. "ஏதாவது ஒரு தெருவிலாவது எல்லா விளக்கும் எரிகிறது" என்பதே சரி. "ஒவ்வொரு" என்பது "ஏதாவது ஒரு" ஆகிறது, "ஒன்றாவது" என்பது "எல்லா" ஆகிறது, கடைசியில் உள்ள கூற்று மறுக்கப்படுகிறது. எல்லை, தொடர்ச்சி, ஒருங்குதல் என்று இனி வரும் வரையறைகள் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் இருக்கும்.

சமனின்மையில் பழக வேண்டியது தாராளமாக மதிப்பிடும் துணிச்சல். எக்ஸ் 2-க்கும் 4-க்கும் இடையில் இருக்கிறது. (எக்ஸ் + 1)/(எக்ஸ் − 1) எவ்வளவு பெரிதாகலாம்? தொகுதி 5-ஐவிடச் சிறியது, பகுதி 1-ஐவிடப் பெரியது, ஆகவே மதிப்பு 5-ஐத் தாண்டாது. கூர்ந்து பார்த்தால் 3-ஐயே தாண்டாது. ஆனால் நிரூபணத்துக்கு 5 போதும். பள்ளியில் துல்லியமான விடைக்குப் பழகிய கை, இப்படி விட்டுக்கொடுத்து மதிப்பிடத் தயங்கும். அந்தத் தயக்கம் போக வேண்டும். இதோடு |அ + ஆ| ≤ |அ| + |ஆ| என்ற முக்கோணச் சமனின்மையையும், கணிதத் தொகுத்தறிதலையும் புரட்டிப் பார்த்துவிட்டால் போதும்.

படி 2: வரையறையைச் சொந்தமாக்குங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படும் படி இதுதான். வரையறை தெரியாமல் நிரூபணத்தின் முதல் வரியைக்கூட எழுத முடியாது. தேர்வில் வெற்றுத்தாள் கொடுத்துவிட்டு வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அநேகமாக வரையறையே சரியாகச் சொல்ல வராது. "கிட்டே கிட்டே போகும்" என்பார்கள். அது வரையறை அல்ல.

ஒவ்வொரு புது வரையறைக்கும் நோட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். அதில் வரையறையைச் சொல் பிசகாமல் எழுதுங்கள். அதற்குப் பொருந்தும் உதாரணம் இரண்டு, பொருந்தாத உதாரணம் இரண்டு. அப்புறம் அதன் மறுப்பு.

தொடர்வரிசையின் எல்லையை எடுத்துக்கொள்வோம். எந்த நேர்ம எப்சிலான் கொடுத்தாலும், ஏதோ ஓர் இடத்துக்குப் பிறகு வரும் எல்லா உறுப்புகளும் எல்லையிலிருந்து எப்சிலானுக்கும் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் வரிசை 0-க்கு ஒருங்குகிறது, அதாவது அதன் எல்லை 0; எப்சிலான் 0.01 என்றால் நூறாவது உறுப்புக்கு அப்புறம் வருகிறவை எல்லாம் தேறிவிடும். 1, −1, 1, −1 என்று மாறி மாறி வருவது ஒருங்காது. ஏன்? எந்த எண்ணை எல்லை என்று சொன்னாலும், எப்சிலானை 1/2 என்று வையுங்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு 1, −1 இரண்டுமே அந்த எண்ணிலிருந்து 1/2-க்குள் இருந்தாக வேண்டும். அப்படியானால் 1-க்கும் −1-க்கும் இடையிலான தூரம் 1-ஐவிடக் குறைவு என்று ஆகிறது. உண்மையில் அது 2. முரண்பாடு. இரண்டே வரிதான், ஆனால் மறுப்பை எழுதிப் பழகியவருக்கு மட்டுமே அந்த இரண்டு வரி வரும்.

சொற்களின் வரிசையையும் கவனியுங்கள். தொடர்ச்சி, சீரான தொடர்ச்சி இரண்டுக்கும் வரையறையில் ஏறக்குறைய அதே சொற்கள்தான். எந்த எப்சிலான் கொடுத்தாலும் ஒரு டெல்டா கிடைக்க வேண்டும்; புள்ளியிலிருந்து டெல்டாவுக்கும் குறைவான தூரத்தில் சார்பின் மதிப்பு எப்சிலானுக்கும் குறைவாகவே மாற வேண்டும். தொடர்ச்சியில் முதலில் புள்ளி, அடுத்து எப்சிலான், கடைசியில் டெல்டா. எனவே புள்ளிக்குப் புள்ளி டெல்டா மாறலாம். சீரான தொடர்ச்சியில் எப்சிலான் வந்தவுடனே டெல்டாவைச் சொல்லிவிட வேண்டும், புள்ளிகள் அப்புறம்தான் வரும். ஒரே டெல்டா எல்லா இடத்துக்கும் செல்ல வேண்டும். வர்க்கச் சார்பை வைத்துப் பாருங்கள். 10, 10.1 இவற்றின் வர்க்கங்கள் 2.01 வித்தியாசப்படுகின்றன. 100, 100.01 எடுத்தால் வித்தியாசம் 2.0001. 1000, 1000.001 எடுத்தால் 2.000001. புள்ளிகள் நெருங்கிக்கொண்டே போகின்றன, வர்க்கங்களின் இடைவெளியோ 2-க்குக் கீழே இறங்கவே இல்லை. எப்சிலானை 2 என்று வைத்தால் எந்த டெல்டாவும் போதாது. மெய்யெண் கோடு முழுவதிலும் வர்க்கச் சார்பு தொடர்ச்சியானது, ஆனால் சீரான தொடர்ச்சி உடையது அல்ல என்பதற்கு இதுவே நிரூபணத்தின் உயிர். எண்களைப் போட்டுப் பார்த்தவர் இதை மறக்க மாட்டார்.

சொல் வரிசையில் இவ்வளவு கறார் எதற்கு என்று சலிப்பாக இருந்தால் ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். 1821-இல் பாரிஸில் வெளியான தன் பாடநூலில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி, தொடர்ச்சியான சார்புகளைக் கொண்ட முடிவிலித் தொடர் ஒருங்கினால் அதன் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று எழுதினார். 1826-இல் நார்வேக்காரரான ஏபெல், இந்தத் தேற்றத்துக்கு விலக்குகள் இருக்கின்றன என்று சுட்டிக்காட்டினார். சைன் எக்ஸ் − (சைன் 2எக்ஸ்)/2 + (சைன் 3எக்ஸ்)/3 − … என்பது அவர் தந்த தொடர். ஒவ்வோர் உறுப்பும் தொடர்ச்சியானது. கூட்டுத்தொகை −பை முதல் பை வரை எக்ஸ்/2 ஆக ஏறிக்கொண்டே போகிறது. பை-இல் எல்லா உறுப்பும் பூச்சியம், ஆகவே கூட்டுத்தொகை சட்டென 0-க்கு விழுகிறது. புள்ளிக்குப் புள்ளி ஒருங்குவது வேறு, எல்லாப் புள்ளிக்கும் ஒரே கட்டம் செல்லும்படி சீராக ஒருங்குவது வேறு என்ற வேறுபாடு தெளிவாகப் பிரிந்த பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது. பெர்லினில் ஜெர்மன் கணிதவியலாளர் வயர்ஸ்ட்ராஸ் நடத்திய வகுப்புகள் அதில் பெரும் பங்கு வகித்தன. கோஷி போன்ற மேதைக்கே வழுக்கிய இடம் இது. நாம் நிதானமாக அடியெடுத்து வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

படி 3: தேற்றத்தைப் பிரித்துப் பாருங்கள்

மூடிய (முனைப்புள்ளிகளும் சேர்ந்த), வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு தன் பெரும மதிப்பை அந்த இடைவெளியிலேயே அடையும். இந்தத் தேற்றத்தை மனப்பாடம் செய்வதற்கு முன், அதன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். "மூடிய" என்பதை எடுத்துவிட்டால்? 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட திறந்த இடைவெளியில் 1/எக்ஸ் கட்டுக்கடங்காமல் ஏறிப்போகிறது. "வரம்புள்ள" என்பதை எடுத்தால்? 0 முதல் முடிவிலி வரை எக்ஸ் என்ற சார்புக்கே பெரும மதிப்பு இல்லை. "தொடர்ச்சி" இல்லாவிட்டால்? 0 முதல் 1 வரையில், 1 தவிர மற்ற எல்லா இடத்திலும் எக்ஸ், 1-இல் மட்டும் 0 என்று ஒரு சார்பை வையுங்கள். 1-ஐ நெருங்குமே தவிர அடையாது.

இன்னொரு படி மேலே போகலாம். மெய்யெண்களுக்குப் பதில் விகிதமுறு எண்கள் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? 0 முதல் 2 வரை உள்ள விகிதமுறு எண்களில் 1/(எக்ஸ் வர்க்கம் − 2) எங்குமே உடையாது, ஏனென்றால் வர்க்கம் 2 ஆகும் விகிதமுறு எண் கிடையாது. சார்பு எல்லாப் புள்ளியிலும் தொடர்ச்சியானதுதான், ஆனால் வரம்பில்லாமல் ஏறுகிறது. ஆக, தேற்றத்தின் வார்த்தைகளில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் நிபந்தனை மெய்யெண்களின் முழுமைப் பண்பு: மேல்வரம்புள்ள, வெற்றல்லாத எந்தக் கணத்துக்கும் மேல்வரம்புகளில் மிகச் சிறியது ஒன்று மெய்யெண்களிலேயே இருக்கும். மீச்சிறு மேல்வரம்பு என்று முதல் வாரத்தில் வறட்சியாக நடத்தினார்களே, அது இங்கேதான் வேலை செய்கிறது. இதைக் கண்டுகொண்ட மாணவருக்கு அதற்கப்புறம் பாடம் பிடித்துப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 4: நிரூபணம் எழுத இரண்டு தாள்

ஒன்று ரஃப், ஒன்று ஃபேர். புத்தகத்தில் இருப்பது ஃபேர் மட்டும்தான். அதனால்தான் "டெல்டாவை இப்படி எடுத்துக்கொள்வோம்" என்று வானத்திலிருந்து குதித்த மாதிரி ஒரு வரி வரும். அந்த வரி பிறந்த இடம் ரஃப் தாள்.

வர்க்கச் சார்பு 3 என்ற புள்ளியில் தொடர்ச்சியானது என்று காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரஃப் தாளில் கடைசியிலிருந்து தொடங்குங்கள். நமக்கு வேண்டியது |எக்ஸ் வர்க்கம் − 9| எப்சிலானைவிடக் குறைய வேண்டும். காரணிப்படுத்தினால் |எக்ஸ் − 3| பெருக்கல் |எக்ஸ் + 3|. முதல் காரணி நம் கையில்: அது டெல்டாவைவிடக் குறைவு. இரண்டாவது காரணி எவ்வளவு பெரிதாகும் என்று தெரியவில்லை. இங்கேதான் பலர் டெல்டாவை எப்சிலான்/|எக்ஸ் + 3| என்று எழுதிவிடுகிறார்கள். கூடாது. டெல்டாவை முடிவு செய்த பிறகுதான் எக்ஸ் வருகிறது. டெல்டாவுக்குள் எக்ஸ் நுழையவே முடியாது.

சரி, என்ன செய்வது? எக்ஸை 3-இலிருந்து 1 தூரத்துக்குள் கட்டிப்போடுங்கள். அப்போது எக்ஸ் 2-க்கும் 4-க்கும் இடையில், எனவே |எக்ஸ் + 3| 7-ஐவிடக் குறைவு. பெருக்கல் பலன் 7 டெல்டாவைவிடக் குறைவு. அது எப்சிலானைத் தாண்டாமல் இருக்க டெல்டா எப்சிலான்/7-ஐத் தாண்டக் கூடாது. இப்போது ஃபேர் தாள்: "எப்சிலான் > 0 கொடுக்கப்பட்டிருக்கட்டும். 1, எப்சிலான்/7 இரண்டில் சிறியதை டெல்டா என்க. |எக்ஸ் − 3| < டெல்டா எனில்…" என்று முன்னோக்கி எழுதி முடியுங்கள். அடுத்து 3-க்குப் பதில் 5, அப்புறம் பொதுவாக அ என்ற புள்ளி, அப்புறம் 1/எக்ஸ் என்று நீங்களே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நாலாவது முறையில் கை தானாகவே போகும்.

தமிழ் வழியில் பள்ளி படித்துவிட்டு வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புத்தகமும் தேர்வும் ஆங்கிலத்தில் இருப்பதால், கணக்கு புரியாதது எது, ஆங்கிலம் புரியாதது எது என்றே பிரித்தறிய முடியாமல் தவிக்கிறார்கள். ரஃப் தாளை முழுக்கத் தமிழில் யோசித்து எழுதுங்கள். ஃபேர் தாளுக்கு வேண்டிய ஆங்கிலம் மிகக் குறைவு: "கொடுக்கப்பட்டிருக்கட்டும்", "அத்தகைய ஒன்று இருக்கிறது", "பொதுத்தன்மை குன்றாமல்", "மாறாக என்க", "இது முரண்பாடு" போன்ற தொடர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பாடநூலிலிருந்து அவற்றை ஒரே பக்கத்தில் தொகுத்து வைத்துக்கொண்டால் மொழிப் பயம் ஒரு மாதத்தில் தணிந்துவிடும்.

படி 5: கணக்குகளோடு மல்லுக்கட்டுவது

வகுப்பில் நடத்திய நிரூபணங்களை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தால் போதாது. அத்தியாய இறுதிப் பயிற்சிகள்தான் சோதனை. ஒரு கணக்குக்கு முக்கால் மணி நேரம் வரை விடையைப் பார்க்காமல் முட்டிப் பாருங்கள். முட்டுவது என்றால் வெறுமனே தாளை வெறித்துக்கொண்டிருப்பது அல்ல. கணக்கில் வரும் ஒவ்வொரு சொல்லின் வரையறையையும் எழுதுங்கள். எளிய எண் போட்டுப் பாருங்கள். படம் வரையுங்கள். கூற்று தவறு என்று வைத்துக்கொண்டு எதிர் உதாரணம் தேடுங்கள். அது எந்த இடத்தில் கிடைக்காமல் போகிறதோ அங்கேதான் நிரூபணம் இருக்கும்.

அப்படியும் வரவில்லையா, விடையைப் பாருங்கள். தப்பே இல்லை. ஆனால் முதல் இரண்டு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள், மிச்சத்தை முயலுங்கள். முழுவதும் பார்க்க நேர்ந்தால் நோட்டில் ஒரு குறி போட்டு, மறுநாள் எதையும் பார்க்காமல் எழுதுங்கள். வராவிட்டால் அந்தக் கணக்கு இன்னும் உங்களுடையதாகவில்லை. ஏஐ செயலிகளிடம் விடை கேட்பவர்களுக்கும் இதே விதிதான். கூடுதலாக ஒரு எச்சரிக்கை: அவை நம்பிக்கையான தொனியில் தவறான நிரூபணமும் தரும். அதன் ஒவ்வொரு வரிக்கும் "எந்த வரையறையால், எந்தத் தேற்றத்தால்" என்று கேட்டுச் சரிபார்க்கும் வரை நம்பாதீர்கள்.

வகுப்பு நடந்த அன்றே ஒரு மணி நேரம் அந்த நாளின் நிரூபணத்தை மூடிய நோட்டுடன் எழுதுவது, வார இறுதியில் மூன்று மணி நேரம் பயிற்சிக் கணக்கு. இவ்வளவு போதும், ஆனால் வாரம் தவறக் கூடாது. இந்தப் பாடத்தில் மூன்றாவது வாரத்தை விட்டவருக்கு ஏழாவது வாரம் புரியாது.

படி 6: சேர்ந்து படிப்பதும் ஆசிரியரிடம் கேட்பதும்

மூன்று பேர், ஒரு காலி வகுப்பறை, ஒரு கரும்பலகை. ஒருவர் நிரூபணத்தை எழுத வேண்டும், மற்ற இருவரும் வரிக்கு வரி "ஏன்?" என்று கேட்க வேண்டும். மூன்று பேரைத் தாண்டினால் அரட்டையாகிவிடும்.

ஆசிரியரிடம் போகும்போது "சார், இந்தச் சாப்டரே புரியல" என்று போகாதீர்கள். எழுதிய தாளோடு போங்கள். "மேடம், இந்த வரி வரைக்கும் வந்துட்டேன், இங்க டெல்டா ஏன் புள்ளியைப் பொறுத்து மாறக் கூடாதுன்னு தெரியல" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தே நிமிடத்தில் தீரும். கல்லூரியில் வழி இல்லாதவர்களுக்கு என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணிதத்தில் மேலே போகும் ஆசை இருந்தால், 1993-இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சித் திட்டத்தைப் பற்றி உங்கள் ஆசிரியரிடம் விசாரியுங்கள். மாணவர்களையே பேச வைத்து, யோசிக்க வைத்து நடத்தும் பயிற்சி அது.

படி 7: தேர்வு

பல பல்கலைக்கழகங்களில் தாள் 75 மதிப்பெண்ணுக்கு, இன்டர்னல் 25. இரண்டு மதிப்பெண் கேள்விகளில் பாதிக்கு மேல் வரையறையும் உதாரணமும்தான். படி 2-ஐச் செய்தவருக்கு அவை அப்படியே கிடைக்கும். பத்து மதிப்பெண் கேள்விகள் பெரும்பாலும் பெயர் பெற்ற தேற்றங்கள். "முக்கியமான கேள்விகள்" என்று சுற்றிவரும் ஜெராக்ஸ் தாளை மட்டும் நம்பி நிரூபணத்தை எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்பவர்கள், நடுவில் ஒரு வரி மறந்தால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதைவிட ஒவ்வொரு பெரிய தேற்றத்துக்கும் மூன்று நான்கு வரியில் ஒரு எலும்புக்கூடு தயார் செய்யுங்கள். மூடிய, வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புள்ளது என்ற தேற்றத்துக்கு இப்படி: "மாறாக என்க, சார்பின் மதிப்புகள் வரம்பில்லாமல் ஏறும்படி ஒரு புள்ளிவரிசை கிடைக்கும், அந்தப் புள்ளிவரிசை வரம்புள்ளது என்பதால் போல்சானோ–வயர்ஸ்ட்ராஸ் தேற்றப்படி ஒருங்கும் உள்வரிசை, தொடர்ச்சியால் முரண்பாடு." இது நினைவில் இருந்தால் மிச்சத்தை அறையில் உட்கார்ந்தே கட்டிவிடலாம்.

நிரூபணம் முழுமையாக வராவிட்டாலும் தாளைக் காலியாக விடாதீர்கள். கொடுக்கப்பட்டது என்ன, நிறுவ வேண்டியது என்ன, சம்பந்தப்பட்ட வரையறைகள் என்ன என்று எழுதுங்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு. எழுதும்போதே வழி திறப்பதும் உண்டு.

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போன்ற இடங்களைக் குறிவைப்பவர்கள் ஜாம் என்ற நுழைவுத் தேர்வின் பழைய கணிதத் தாள்களை எடுத்துச் செய்யுங்கள். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு. சரியானவை அனைத்தையும் குறித்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது. நிபந்தனைகளைக் கழற்றிப் பார்த்துப் பழகியவருக்கு அந்தப் பகுதி கைகொடுக்கும், பழகாதவரைக் கவிழ்த்துவிடும்.

பாதி செமஸ்டர் போய்விட்டது, ஒன்றும் புரியவில்லை என்றால்

இன்டர்னலில் 25-க்கு 6 வாங்கிவிட்டு வருகிறவர்களும், அரியர் வைத்திருப்பவர்களும் செய்யும் முதல் காரியம், தற்போது நடக்கும் பாடத்தைப் பிடிக்க ஓடுவது. ஓடாதீர்கள். வகுப்பில் குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டில் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் வரையறைப் பக்கங்கள் மட்டும்: மீச்சிறு மேல்வரம்பு, தொடர்வரிசையின் எல்லை, கோஷி வரிசை (போகப் போக உறுப்புகள் எல்லாம் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும் வரிசை), தொடர்ச்சி, சீரான தொடர்ச்சி. இரண்டாம் வாரம் தொடர்வரிசைக் கணக்குகள் மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு வீதம். மூன்றாம் வாரம் தொடர்ச்சிக்குப் போங்கள், ரஃப் தாள், ஃபேர் தாள் முறையில். வகையீடும் தொகையீடும் அதற்குப் பிறகு எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறும், ஏனென்றால் அவற்றின் நிரூபணங்கள் பெரும்பாலும் இந்த மூன்று வாரச் சரக்கையே பயன்படுத்துகின்றன. முடிவிலித் தொடர் ஒருங்குமா என்று பார்க்கும் சோதனைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் கணக்கிடும் வேலை அதிகம், ஒரு வார இறுதியில் முடித்துவிட முடியும்.